மேற்கு அறை

"சமவெளிக் கல்லும் வேண்டாம், ஓடைக் கல்லும் வேண்டாம்னா சுவரை எதை வெச்சு எழுப்புறது, மேடம்?"

பூங்கோதை கையிலிருந்த கல்லை ஓடைத் தண்ணீரில் மெதுவாக இறக்கி வைத்தாள்.

கேட்டவர் தனராஜ். ஐம்பத்தாறு வயது. முப்பது வருடம் கான்கிரீட் கட்டடங்கள் கட்டிய என்ஜினியர். பழைய கட்டடங்களைச் செப்பனிடக் கற்றுக்கொள்ள, தன்னைவிடப் பதினைந்து வயது இளையவளான பூங்கோதையிடம் வந்து சேர்ந்திருந்தார்.

மலைமேல், தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் நூறு வருடத்து ஓய்வு விடுதி அது. அந்த மலைக்காரர்கள் வீடு கட்டுகிற மாதிரியே, மலைக் கல்லை அடுக்கி, மண் பூசி, கூரையைத் தாழ இறக்கிக் கட்டியிருந்தார்கள். மூன்று அறைகள். போன மழையில் மண் சரிந்து, மேற்கு அறை கல்லோடு, எடுக்க முடியாத ஆழத்துக்குப் பள்ளத்தில் போய்விட்டது.

மூன்று அறையையும் பழையபடி நிறுத்திக் காட்டுகிறேன் என்று வன அதிகாரியிடம் தனராஜ் வாக்குக் கொடுத்திருந்தார்.

முதலில் சமவெளியிலிருந்து ஒரு லாரி கல் வரவழைத்தார். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கும் என்று பூங்கோதை திருப்பி அனுப்பிவிட்டாள். அது நியாயம் என்று அவருக்கும் பட்டது.

அதனால்தான் ஆட்களோடு ஓடையில் இறங்கினார். இரண்டே நாளில் ஒரு குவியல் சேர்ந்தது. அதே நிறம், அதே கல். இந்த முறை பாராட்டுவாள் என்று காத்திருந்தார்.

அவள் வந்தாள், பார்த்தாள், ஒவ்வொரு கல்லாக ஓடைக்குத் திருப்பிச் சுமக்க ஆரம்பித்தாள்.

அந்தக் கோபத்தில்தான் அவர் அப்படிக் கேட்டார். பிறகு அவரும் ஒரு கல்லைத் தூக்கினார்.

அதன் அடிப்பக்கம் என்னவோ விரலில் ஒட்டியது. புரட்டிப் பார்த்தார். தவளை முட்டைகள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்து, மேல்தோல் சுருங்கியிருந்தது.

அந்தக் கல்லைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அந்தக் காலத்துல கட்டினவங்களும் இங்கேதானே எடுத்தாங்க?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"எடுத்தாங்க. அப்போ காடு பெரிசு, அண்ணே."

மிச்சக் கல்லையும் சுமந்து முடிக்கப் பொழுது சாய்ந்தது. பூங்கோதை கையைத் துடைத்துக்கொண்டு அவருடைய வரைபடத்தை வாங்கினாள். பாறைமேல் விரித்து, மேற்கு அறை உள்ளே போகும்படி மடித்தாள். இரண்டு அறைகள் தெரிந்தன.

"இதைக் கட்டுங்க."

"அதிகாரி மேற்கு அறை எங்கேன்னு கேட்பாரே?"

"ஓடையில இருக்குன்னு சொல்லுங்க."