வரைந்தவர் கணினி

கல்யாண மண்டபம் கட்டவிருந்த நல்லபெருமாளிடம், "ஒவ்வொரு கோடும் நானே வரைஞ்சது" என்று மார்தட்டினார் கட்டடக் கலைஞர் சந்திரசூடன். ஆறு மாதமாக அந்த வரைபடத்தை வரைந்த அவரது உதவியாளர் மரகதம் ஓரமாக நின்றாள்.

பெரிய திரையில் வரைபடத்தைத் திறந்ததும் கணினி உறைந்தது. மறுபடி திறந்தால், கோப்பு சிதைந்திருந்தது.

"எல்லாம் உன் வேலைதான்! பத்து நிமிஷத்துல மீட்டுக் குடு. இல்லேன்னா நாளைலேர்ந்து வராதே" என்று மரகதத்திடம் சீறினார் சந்திரசூடன்.

"மீட்டுடலாம் சார். வரைஞ்சவங்க கம்ப்யூட்டர்ல தானாவே ஒரு நகல் சேமிச்சிருக்கும். நீங்கதானே வரைஞ்சீங்க? உங்க அறைக்குப் போவோம்."

அவர் கணினிமேல், வாங்கிய நாளில் போர்த்திய பிளாஸ்டிக் உறை தூசியோடு கிடந்தது.

நல்லபெருமாள் மெல்லத் திரும்பினார். "உங்க கம்ப்யூட்டர் எங்கேம்மா?"

அவளுடைய திரையில் மண்டபம் ஒரு தூண் குறையாமல் எழுந்து நின்றது. சந்திரசூடன் இன்னும் தன் கணினியின் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தார்.