அகவிய கழுத்து

வெள்ளூற்றுப் பாளையத்தை ஆண்ட கூத்தப்பராயருக்கு இரண்டும் நல்ல காதுகள். யார் எதைப் போட்டாலும் உள்ளே போகும். அந்தக் காதுகளை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் அரண்மனைப் புலவர் பஞ்சநதக் கவிராயர்.

கவிராயர் பாட ஆரம்பித்தால் நூறு அடிக்குக் குறைந்து ஓய மாட்டார். ராயரின் மீசைக்கு நூறு அடி. ராயரின் குதிரைக்கு நூறு அடி. போன மாசியில் ராயருக்குச் சளி பிடித்தபோது அவருடைய தும்மலுக்கு நூற்றிருபது அடி. சபையில் இருந்தவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகியிருந்தார்கள்.

தூங்காமல் இருந்தவை மயில்கள்தான். அரண்மனைக்குத் தெற்கே தோப்பில் இருபத்துமூன்று மயில்கள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவள் மங்கத்தாயி. விடிந்ததும் கம்பும் சோளமும் இறைப்பாள். அடைகாக்கும் பெட்டைகளைக் கீரி நெருங்காமல் முள் அடைப்பாள். பூனையைக் கண்டால் மயிலுக்கு ஒரு குரல், மேகத்தைக் கண்டால் ஒரு குரல், பெட்டையைக் கூப்பிட ஒரு குரல். எல்லாம் அவளுக்கு அத்துப்படி. புரட்டாசியில் தானாக உதிரும் தோகையைப் பொறுக்கி ராயருக்கு ஆலவட்டமும் கோயிலுக்கு விசிறியும் கட்டுவாள். விக்கல் என்று வருகிறவர்களுக்குப் பீலியைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுப்பாள். வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே ராயருக்கு அவளைப் பிடிக்கும், கவிராயருக்குப் பிடிக்காது.

ஆடி மாதம் ராயரின் பிறந்தநாள் வந்தது. கவிராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

“கொற்றவா!” என்று உச்சத்தில் எடுத்தார்.

“கியாவ்!” என்றது தோப்பிலிருந்து ஒரு மயில். உரத்த சத்தம் கேட்டால் பதில் அகவுவது மயிலின் குணம்.

“கற்பகத் தருவே!”

“கியாவ்! கியாவ்!”

தளபதி வேலப்பன் சிரித்துவிட்டார். பின்வரிசை விழித்துக்கொண்டு தானும் சிரித்தது. கவிராயருக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

அன்று மாலையே ராயரின் காதில் போய்க் குந்தினார்.

“மகாராசா, அந்தப் பறவைகளுக்கு உங்கள் புகழ் பொறுக்கவில்லை. பாட்டைக் கேட்டாலே அகவுகின்றன. அபசகுனம்! அறுத்துப் போட்டால் தோகையும் ஒரே நாளில் கிடைக்கும். உதிரட்டும் என்று எதற்குக் காத்திருக்க வேண்டும்?”

ராயர் யோசித்தார். அதாவது, தலையை ஆட்டினார்.

“உத்தரவை நீரே எழுதும். முத்திரை வைக்கிறேன்.”

‘மயில்களைக் கொல்க’ என்று நாலு பேருக்குப் புரிகிற மாதிரி எழுதிவிட்டால் அப்புறம் அவர் என்ன புலவர்? ‘அரண்மனை எல்லையுள் எது அகவினும், அகவிய கழுத்து அன்றே அறுபடுக’ என்று மோனை சேர்த்து எழுதினார். எழுதியதைத் தானே இரண்டு தரம் படித்துச் சொக்கிப்போனார்.

மறுநாள் காலை தளபதி கத்தியோடு தோப்புக்கு வந்து ஓலையைப் படித்தார். மங்கத்தாயி வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வேலிக்குள் நாலு பெட்டைகள் அடையில் உட்கார்ந்திருந்தன.

“இன்னொரு தரம் படிங்க ஐயா.”

படித்தார். அவள் முகத்தில் கலக்கம் போய் வேறென்னவோ வந்தது.

“சரி. அகவினது யாருன்னு மகாராசா முன்னாடியே காட்டிக் கொடுக்கிறேன். அங்கேயே அறுங்க.”

தளபதிக்கும் அந்த வேலையில் மனசில்லை. சரி என்றார். மங்கத்தாயி ஒரு சேவல் மயிலைப் பிடித்து, கண் மறையத் தலையில் துணியைப் போர்த்தினாள். கண் மறைந்தால் மயில் அடங்கிவிடும். இடுப்பில் இடுக்கிக்கொண்டு சபைக்குள் போய் நின்றாள்.

“மகாராசா, சாகப்போற சீவன். கவிராயர் ஐயா பாட்டைக் கடைசியா ஒருதரம் கேட்டுட்டுப் போகட்டும்.”

தானாக முன்வந்து கேட்ட முதல் ஆள் அவள்தான். கவிராயர் பூரித்துப்போனார். நூறு அடி பாடினார். துணிக்குள் மயில் மூச்சுக் காட்டவில்லை.

“அடேயப்பா!” என்றாள் மங்கத்தாயி. “இதுக்கு என்ன பேரு ஐயா?”

“அகவல். உனக்கெல்லாம் விளங்காது.”

“விளங்கலைதான். ஏன் அந்தப் பேரு?”

“அகவிப் பாடுவதால் அகவல்! ஆதிகாலத்துச் சொல், பெண்ணே.”

“அப்போ இவ்வளவு நேரம் நீங்க என்ன செஞ்சீங்க?”

“அகவினேன்!” என்றார் கவிராயர், மார்பை நிமிர்த்திக்கொண்டு.

மங்கத்தாயி தளபதி பக்கம் திரும்பினாள்.

“காதுல விழுந்துச்சா? நிக்கிறது அரண்மனை எல்லைக்குள்ளே. அவர் வாயாலேயே ஒப்புக்கிட்டார். ஓலையில மயிலுன்னு ஒரு எழுத்து இல்லை. எது அகவினாலும்னுதான் இருக்கு.”

இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எல்லோரும் முழு விழிப்போடு உட்கார்ந்திருந்தார்கள். தளபதி கத்தியின் கூரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். கவிராயரின் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

ராயர் ஓலையை வாங்கிப் படித்தார். அவருக்கே வேர்த்தது.

“என் முத்திரையாச்சே, மங்கத்தாயி! இவர் கழுத்தை அறுத்துத்தான் ஆகணுமா?”

“வேண்டாம் மகாராசா,” என்றாள் அவள். “இத்தனை வருசமா நம்ம எல்லார் கழுத்தையும் அறுத்தவர் அவர். அத்தனை கழுத்துக்கும் அந்த ஒரு கழுத்து ஈடாகுமா?”

தளபதி முதலில் வெடித்தார். அப்புறம் சபை. கடைசியாக ராயர், தலைப்பாகை சரியச் சரியச் சிரித்தார். சிரிப்பினூடே ஓலையை முறித்துப் போட்டார். தோப்பை ஒட்டிய இரண்டு காணி நிலத்தையும் மயில்களுக்கென்று அவளிடம் ஒப்படைத்தார்.

கவிராயர் அந்த வாரமே பக்கத்துப் பாளையத்துக்குக் குடிபோய்விட்டார். அங்கே மயில்கள் கிடையாதாம். பாவம், சனங்கள் இருக்கிறார்கள்.