புத்தகத்தில் இல்லாத மேடு

உயிர்காப்புப் பயிற்சிக் கூடத்தில் சேவியர்ராசு ஆசானிடம் படித்தவர்களில் கோமதிநாயகத்துக்கு ஈடு யாரும் இல்லை. மார்பெலும்பின் பாகங்களைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பழைய மருத்துவர்கள் அதை ஒரு வாளாகப் பார்த்து, பிடி, அலகு, முனை என்று பெயர் வைத்த கதையைக் கல்யாண வீட்டில்கூட ஆரம்பித்துவிடுவார். அவ்வளவு பெருமை. படிப்பை முடித்துப் பன்னிரண்டு வருடமாக ஆம்புலன்ஸில் வேலை.

ஒரு நாள் காலை, ஆபீசில் கொடுக்கும் முன் ஆசானிடம் காட்ட, ராஜினாமா கடிதத்தோடு வந்து நின்றார்.

முந்தின நாள் சந்தையில் பழக்கடைக்காரர் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். மூச்சு இல்லை, நாடியும் இல்லை. கோமதிநாயகம் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். பத்தாவது அழுத்தலில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. நிறுத்தாமல் அழுத்தினார். ஆள் பிழைத்துக்கொண்டார். ஆனால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தபோது மார்பெலும்பு உடைந்திருந்தது. அப்பாவின் நெஞ்சை உடைத்துவிட்டாயே என்று மகன் எல்லார் முன்னாலும் திட்டிவிட்டான்.

"அந்த எலும்புல ஒவ்வொரு இடத்துக்கும் பேர் தெரிஞ்சவன் சார் நான். நானே உடைச்சிட்டேன். இனி இந்தக் கைய ஒருத்தர் நெஞ்சுமேல வைக்க மாட்டேன்."

ஆசான் கடிதத்தை வாங்கவில்லை. கை எங்கே இருந்தது என்று மட்டும் கேட்டார். அலகின் கீழ்ப்பாதியில், முனையைத் தொடாமல் என்றார் கோமதிநாயகம். சரியான இடம்தான்.

ஆசான் தன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார்.

"கண்ண மூடிக்கிட்டு மேலயிருந்து சொல்லிட்டு வாரும்."

கோமதிநாயகம் ஆசானின் தொண்டைக்குழியில் விரலை வைத்தார்.

"இது மேல்விளிம்புப் பள்ளம். இதுக்குக் கீழ பிடி."

"ம்."

"குறுக்க இந்த வரம்பு, பிடியும் அலகும் சேர்ற இடம். ரெண்டாவது விலா இங்கதான் வந்து சேருது. முதல் விலா காறையெலும்புக்கு அடியில கிடக்கும், கைக்குச் சிக்காது. விலாவ எண்ணணும்னா இங்கயிருந்துதான் தொடங்கணும்."

பெயர்களைச் சொல்லச் சொல்ல அவர் குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது.

"இது அலகு. இதுக்குக் கீழ..."

விரல் நின்றது. அலகின் கீழ்ப்பாதியில் குறுக்காக ஒரு மேடு தட்டுப்பட்டது. விரலை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். சந்தேகமே இல்லை, எலும்புதான்.

"இது புத்தகத்துல இல்லையே சார்."

"இல்ல. இருபத்திரண்டு வயசுல ஈரக்கையோட மோட்டார் சுவிட்சத் தொட்டேன். கரண்ட் அடிச்சு இதயம் நின்னுபோச்சு. எனக்குப் பாடம் சொன்ன மாசிலாமணி சார்தான் அழுத்தி எழுப்பினார். அப்ப உடைஞ்சு, கொஞ்சம் ஏறுக்குமாறாக் கூடிருச்சு."

சொல்லும்போது ஆசான் பதக்கம் வாங்கியவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

கோமதிநாயகம் விரலை எடுக்கவில்லை. அந்த மேட்டின்மேல் வைத்தபடியே கேட்டார்.

"இதுக்கு என்ன பேர் சார்?"

"என் நெஞ்சுல இதுக்கு மாசிலாமணின்னு பேர். பழக்கடைக்காரர் நெஞ்சுல, கோமதிநாயகம்."