ததேயு மாமா இறக்கிய நட்சத்திரம்

குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராசாக்கள் திருநாளுக்கு மறுநாள் கிறிஸ்துமஸ் குடிலைப் பிரிப்பார்கள். குமரிக் கடலோரத்து அந்தச் சின்னக் கத்தோலிக்கப் பங்கில் ஒரு வழக்கம்: கோயில் வாசல் தென்னையிலிருந்து நட்சத்திரத்தை யார் இறக்குகிறாரோ, சொரூபங்களைப் பூட்டி வைக்கும் குடில்பெட்டிச் சாவி அவருக்கு. அடுத்த வருசக் குடில் அவர் இஷ்டம். பதினோரு வருசமாகச் சாவி ததேயு மாமாவின் இடுப்பில்தான். பதினோரு வருசமும் வைக்கோல் கூட்டியதென்னவோ பெண்கள்தான். இது எந்த ஊர் நியாயம் என்று எம்.ஏ. படிக்கும் செலஸ்டினா பங்குப் பேரவையிலேயே கேட்டாள். முதலில் ஏணியில் ஏறு, அப்புறம் பார்ப்போம் என்று சிரித்து அனுப்பினார்கள்.

இன்றைக்கு ஏணி சாத்தியாகிவிட்டது. மாமாதான் வெயில் தாழட்டும் என்று அதன் பக்கத்திலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தால் வாய் சும்மா இருக்குமா?

ஒரு வருசம் அவர் சுருட்டிய சீரியல் லைட்டு மட்டும் நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீளமாம். ஒரு கையால் சுருட்டினாராம், மறு கையில் டீயாம்.

“அந்த வருசம் நீரு அம்மை போட்டுக் கெடந்தீரு வே,” என்றாள் அவர் மனைவி குருசம்மாள், மாதா சொரூபத்தைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டே.

“அம்மையோடதான் சுருட்டினேன். எம்மேல இருந்ததெல்லாம் ஒயருக்குத் தாவிட்டு. இப்பவும் பாரு, புள்ளி புள்ளியா பல்பு.”

அடுத்தது ஆடு. குடிலில் நாற்பது மண் ஆடு வைத்தாராம். பிரிக்கும்போது எண்ணினால் நாற்பத்து மூன்று. மண் ஆடு எப்படிக் குட்டி போடும் என்று செலஸ்டினா சண்டைக்குப் போனாள். சரி, போட்டதென்றே வைப்போம், அந்த மூன்று குட்டி எங்கே?

“மூணு ராசா அம்புட்டு தூரம் வந்திருக்காவ. வெறும் வயித்தோடயா பிள்ளே அனுப்புறது?”

கூடியிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் செலஸ்டினாவுக்குக் காது சூடேறியது. இந்த மனுசனை வாயால் ஜெயிப்பது கடலை வாளியில் இறைக்கிற வேலை. சேலை முந்தானை மாதிரி துப்பட்டாவை இடுப்பில் செருகினாள்.

மாமா அதைக் கவனிக்கவில்லை. கதை நட்சத்திரத்துக்கு வந்துவிட்டது. அவர் கட்டிய நட்சத்திர வெளிச்சத்தில் சேவல்கள் பன்னிரண்டு நாளும் ஓயாமல் கூவித் தொண்டை கட்டிப்போயினவாம். பகலென்று நினைத்து நெய்மீன் தானே கரையேறி வலையைக் கேட்டதாம். நட்சத்திரத்தை இறக்கிய மறுநாள் விடியவே இல்லையாம். நமக்குப் பதிலாத்தான் ஆள் போட்டாச்சே என்று சூரியன் லீவில் போய்விட்டதாம். கன்னியாகுமரியில் சூரியோதயம் பார்க்க வந்த கூட்டம் இவர் வீட்டு வாசலில் நின்று அழ, மறுபடி ஏறி அதைக் கட்டி, சூரியனுக்கு ரோசம் வரவழைத்து...

சடசடவென்று மேலிருந்து கயிற்றில் இறங்கிய நட்சத்திரம் அவர் மடியில் உட்கார்ந்தது. பின்னாலேயே செலஸ்டினா இறங்கி வந்து, மூச்சு வாங்க, கையை நீட்டினாள்.

மாமா நட்சத்திரத்தைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். இடுப்புச் சாவியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“இந்த ஏணி ஏன் ஆடலன்னு நெனைக்கிற? ஒனக்காகத்தான் இம்புட்டு நேரமும் நாற்காலியில உக்காந்து பூமிய அழுத்திப் பிடிச்சிருந்தேன்.”

“அடுத்த வருசமும் அந்த வேலைய நீங்களே பாருங்க மாமா,” என்றாள் செலஸ்டினா. “சாவியக் குடுங்க.”