ஒத்துப்போகிற மீன்கள்

"அம்மா, ஒண்ணு அவ இங்கே இருக்கணும். இல்லைன்னா நான் இருக்கணும்."

குரு தாயம்மாள் புடலங்கொடியைப் பந்தலில் ஏற்றிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"யாரைச் சொல்றீங்க அக்கா?"

"வேற யாரை? வடிவாம்பாளைத்தான்" என்றாள் உலகநாயகி.

காஞ்சிரமலை அடிவாரத்தில் அந்த ஆசிரமம் இருந்தது. குருவையும் சேர்த்து ஏழெட்டுப் பெண்கள். குருவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் அவருக்கு மூத்தவர்கள். அவர்கள் குருவை அம்மா என்பார்கள், குரு அவர்களை அக்கா என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது கொஞ்சம் குழப்பமாக இருக்கும். அப்புறம் பழகிவிடும்.

உலகநாயகி பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். வடிவாம்பாள் நாடகக்காரி. குழு கலைந்து, போக ஓர் இடமில்லாமல் இங்கே வந்தவள். வந்த நாளிலிருந்து யாரையாவது சீண்டாமல் அவளால் இருக்க முடிவதில்லை. ஒருத்தியின் நடை, இன்னொருத்தியின் தும்மல், தியானத்தில் தூங்கி விழுகிறவளின் தலையாட்டல், எல்லாவற்றையும் நடித்துக் காட்டிவிடுவாள்.

"என்ன செஞ்சாங்க?"

"மகன் போன்ல பேசினான். மனசு கேக்காம, கிணத்துக்குப் பின்னால போய் நின்னு கொஞ்சம் அழுதேன். நேத்து எல்லாரும் காய் நறுக்கிட்டிருக்கும்போது அவ அதை நடிச்சுக் காட்டினா. முந்தானையில மூக்கைச் சிந்தினது வரைக்கும்."

"சரியா நடிச்சாங்களா?"

உலகநாயகிக்குக் கண் கலங்கியது.

"அச்சு அசலா இருந்துச்சு. அதுதாம்மா தாங்கல."

குரு கொடியை விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். கூடத்தின் மூலையைக் காட்டினார். அங்கே ஒரு மீன்தொட்டி காலியாகக் கிடந்தது. வெளிநாடு போன ஒரு குடும்பம் தூக்கிப்போட மனமில்லாமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது. பெரிய தொட்டி இல்லை. இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம்.

"இதுக்கு ஒத்துப்போற மீனாப் பார்த்துத் தேர்ந்தெடுங்க அக்கா. ஒண்ணையொண்ணு காயப்படுத்தாம அதுங்க இருக்கும்போது வந்து சொல்லுங்க. அன்னைக்கே வடிவாம்பாளை பஸ் ஏத்தி விட்டுடுறேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

உலகநாயகி சிரித்தேவிட்டாள். எந்தப் பெண்ணை எந்தப் பெண்ணோடு ஒரே அறையில் போடலாம் என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவள் அவள். மீன் எம்மாத்திரம்?

தொட்டியைக் கழுவினாள். மணலை அலசிப் பரப்பினாள். தண்ணீர் நிரப்பி, குமிழ் விடும் மோட்டாரை மாட்டி, சில நாள் அப்படியே விட்டாள். பிறகு சந்தைப்பேட்டைக்கு பஸ் ஏறினாள்.

மீன்கடைக்காரர் பெயர் செல்லையா. கேட்டதை எடுத்துக் கொடுக்கிறவர்.

"எது எதெல்லாம் அழகோ அதுல ஒவ்வொண்ணு குடுங்க" என்றாள் உலகநாயகி.

"ஒண்ணுக்கொண்ணு செட் ஆகாதும்மா."

"நான் பார்த்துக்கறேன்."

தீக்கொழுந்து போல் வால் விரித்த ஃபைட்டர் ஒன்று. மயில்கழுத்து நிறத்தில் ஒரு கப்பி. தங்கக்கட்டி மாதிரி ஒரு கோல்டுஃபிஷ். பாலித்தீன் பைகளை மடியில் வைத்துக்கொண்டு, பஸ் குலுங்கும்போதெல்லாம் அணைத்துப் பிடித்தபடி திரும்பினாள்.

மறுநாள் விடியும்போது கப்பிக்கு வால் இல்லை. ஃபைட்டர் அதையே சுற்றிச் சுற்றி வந்தது. கோல்டுஃபிஷ் தின்றதும் கழித்ததுமாகத் தண்ணீர் கஞ்சித்தண்ணீர் ஆகியிருந்தது.

சாயங்காலத்துக்குள் கப்பி செத்துவிட்டது.

குருவிடம் ஓடினாள்.

"அம்மா, இந்த ஃபைட்டர் இப்படிப் பண்ணிருச்சே!"

"கப்பியோட வாலைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. பெருசா, விசிறி மாதிரி இருந்துச்சு."

"ஃபைட்டர் வாலு?"

"அதுவும் விசிறி மாதிரிதான்" என்றாள் உலகநாயகி.

அதுவரை அவள் மீனின் நிறத்தைத்தான் பார்த்திருந்தாள். இன்னொரு மீனின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நினைத்துப் பார்த்ததில்லை. தன் இனத்து ஆணொன்று தன் இடத்துக்குள் புகுந்துவிட்டது என்று அந்த ஃபைட்டர் நினைத்திருக்குமோ?

அன்றிலிருந்து அவளுக்கு ஏதோ பிடித்துக்கொண்டது. மீதி இரண்டையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வாங்குவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. எந்த மீன் மேல்மட்டத்தில் மேய்கிறது? எது தரையைத் துழாவுகிறது? எதற்கு வாய் பெரிது? எது இரை விழுந்ததும் பாய்கிறது, எது மற்றவை தின்று முடிக்கும்வரை ஒதுங்கி நிற்கிறது?

"டீ சொல்லட்டுமாம்மா?" என்றார் செல்லையா.

அவள் காதில் விழவில்லை.

இரண்டாம் தடவை நிதானமாக வாங்கினாள். வெள்ளை மாலிகள் கொஞ்சம். துறுதுறுவென்று ஓடும் ஜீப்ராக்கள் கொஞ்சம். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. எதற்கும் நீண்ட வால் கிடையாது. கிளம்பும்போது, கருப்புப் பட்டை போட்ட ஒரு டைகர் பார்ப் கண்ணில் பட்டது. அளவும் சரியாக இருந்தது.

"இதுல ஒண்ணு போதும். பார்வைக்கு நல்லாருக்கும்."

குளத்திலிருந்து வேலம்பாசி கொண்டுவந்து மணலில் ஊன்றினாள். இந்த முறை தொட்டி அமைதியாக இருந்தது. மற்ற பெண்களும் போகும்போதும் வரும்போதும் நின்று பார்த்தார்கள். வடிவாம்பாளும் நின்றாள். கன்னத்தை உப்பிக்கொண்டு, உதட்டைக் குவித்துக் குவித்துத் திறந்து, மாலி மாதிரியே நடித்தாள். யாரும் சிரிக்கவில்லை. உலகநாயகி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்ச நாள்தான், என்று நினைத்தாள்.

ஆனால் ஒரு காலையில் ஒரு மாலியின் வால் ஓரம் கிழிந்திருந்தது. அடுத்த நாள் இன்னொரு மாலி. உலகநாயகி முக்காலியில் அசையாமல் உட்கார்ந்து காவல் இருந்தாள். பார்ப் பாசிக்குப் பின்னாலிருந்து வந்தது. மாலியின் வாலை ஒரு கடி. உடனே விலகி ஓட்டம். திரும்பி வந்து ஜீப்ராவின் பின்னால் ஒரு விரட்டு. தின்பதற்கு இல்லை. பசிக்கும் இல்லை. சும்மா.

"நினைச்சேன்" என்றாள் உலகநாயகி பல்லைக் கடித்துக்கொண்டு.

வலையால் அதைப் பிடித்து, வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலில் தனியாக விட்டாள். விடுதியிலும் அவள் இதைத்தான் செய்வாள். தொல்லை பண்ணுகிறவளுக்குத் தாழ்வாரக் கடைசியில் தனி அறை.

மாலிகளின் வால் மெல்ல வளர்ந்தது. தொட்டியில் சண்டை இல்லை, விரட்டல் இல்லை. உலகநாயகி குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு குருவைக் கூப்பிடப் போனாள்.

குரு வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"அழகா இருக்கு."

"ஒண்ணையொண்ணு தொடுறதில்லம்மா."

"இது?"

குரு ஜன்னலோரம் இருந்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் கடிச்சது. எடுத்துட்டேன். இப்ப எல்லாம் சரியாயிருச்சு."

பார்ப் பாட்டிலின் அடியில் தலை கவிழ்ந்து நின்றது. பட்டைகள் வெளுத்துச் சாம்பலாகியிருந்தன. போட்ட இரை அப்படியே கிடந்தது.

"சாப்பிடுதா?"

"இல்லம்மா. பிடிவாதம்."

குரு குனிந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"வடிவக்கா! உங்க கண்ணாடியைக் கொஞ்சம் கொண்டாங்க."

ஆசிரமத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்திருந்தவள் வடிவாம்பாள் ஒருத்திதான். வேஷம் போட்ட காலத்துக் கைக்கண்ணாடி. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"யாருக்கும்மா மேக்கப்பு?"

குரு கண்ணாடியை வாங்கி, பாட்டிலுக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பார்ப் ஒரு துடுப்பை அசைத்தது. தலை நிமிர்ந்தது. கண்ணாடிப் பக்கம் போய் நின்றது. பக்கவாட்டில் நகர்ந்தது. அங்கேயும் ஒன்று நகர்ந்தது. மேலே போனது. கூடவே அதுவும் போனது. சாம்பல் பட்டைகள் மெல்ல, பார்க்கப் பார்க்க, மைபோல் கறுத்தன.

"அட" என்றாள் வடிவாம்பாள். குரல் இறங்கியிருந்தது. யாரையும் நடித்துக் காட்டாமல் அவள் இவ்வளவு நேரம் நின்றதே அதிசயம்.

குரு கண்ணாடியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டுப் புடலம்பந்தலுக்குப் போய்விட்டார்.

பார்ப் அந்த இடத்திலேயே அங்கும் இங்கும் தேடியது. அப்புறம் கீழே இறங்கியது.

உலகநாயகிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

காலையில் முதல் பஸ்ஸில் செல்லையா கடைக்குப் போனாள். நேரே பார்ப்கள் இருந்த தொட்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டாள். ஒரு கூட்டமே இருந்தது அதில். ஒன்றையொன்று விரட்டின. வாலைக் கடிக்கப் பாய்ந்தன. கடிக்க வந்ததை மற்றது திருப்பி விரட்டியது. அடுத்த நொடி எல்லாம் சேர்ந்து ஒரே பக்கமாகத் திரும்பின. காயம் பட்ட மீன் ஒன்றுகூட இல்லை. ஓரத்தில் ஒரு மாலி தற்செயலாக அந்தத் தொட்டியில் மாட்டியிருந்தது. அதை அவை சீந்தவே இல்லை.

"இதுங்களுக்குள்ள சண்டையா, விளையாட்டா?" என்று கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்" என்றார் செல்லையா. "எப்பவும் இப்படித்தான்."

"இதுல ஒரு கூட்டம் குடுங்க."

"தொட்டி சின்னதுன்னீங்களே?"

"ஜீப்ராவைத் திருப்பித் தந்துடுறேன். இடம் வேணும்ல."

ஆசிரமத்துக்கு வந்ததும் புதியவற்றைத் தொட்டியில் விட்டாள். பாட்டிலையும் தண்ணீரில் அமிழ்த்திச் சாய்த்தாள். தனியாக இருந்த பார்ப் வெளியே வரத் தயங்கியது. கூட்டத்திலிருந்து ஒன்று வந்து அதன் வாலில் ஒரு கடி கடித்தது. இது பாய்ந்து போய் அதைத் திருப்பிக் கடித்தது. அவ்வளவுதான். அப்புறம் எது பழையது எது புதியது என்று உலகநாயகிக்கே தெரியவில்லை.

மாலிகள் தம்பாட்டுக்கு மேலே மேய்ந்தன. நாள்கள் போயின. எந்த வாலும் கிழியவில்லை.

குரு தாமாகவே வந்தார்.

"சொன்னபடி செஞ்சுட்டீங்க அக்கா. நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு. வடிவக்காகிட்ட மூட்டை கட்டச் சொல்லட்டுமா?"

உலகநாயகி தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அம்மா, இங்கே வர்றதுக்கு முன்னால அவ எத்தனை பேரோட இருந்தா?"

"என்னை ஏன் கேக்கறீங்க?"

வடிவாம்பாள் சமையற்கட்டுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தண்டையும் கை நீட்டித் தூரத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பூச்சி இருக்கிறதா என்று. கண் பார்வை அப்படி.

உலகநாயகி எதிரே உட்கார்ந்தாள். வடிவாம்பாள் கையை நிறுத்தினாள். திட்டு விழப்போகிறது என்று முகம் இறுகியது.

"உங்க நாடகக் குழுவுல எத்தனை பேரு?"

வடிவாம்பாள் கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தாள்.

"ஒரு லாரி நிறைய" என்றாள்.

பிறகு தானாகவே பேசினாள்.

"கீழ படுதா, பெட்டி. அதுக்கு மேல நாங்க. ஊரு வர்ற வரைக்கும் ஒருத்தரை ஒருத்தர் நடிச்சுக் காட்டிக்கிட்டே போவோம். ராஜபார்ட்டுக்காரர் மூக்கைச் சிந்தினா பபூன் சிந்துவான். பபூன் சிந்தினா நான் சிந்துவேன். ஒருத்தரை யாருமே நடிச்சுக் காட்டலைன்னா அவங்களுக்கு அழுகையே வந்துரும். நம்மள யாரும் பார்க்கலையேன்னு."

கீரைக் கட்டு இருவருக்கும் நடுவில் இருந்தது.

உலகநாயகி ஒரு தண்டை எடுத்தாள். கையை நன்றாக நீட்டி, தூரத்தில் பிடித்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். வாழ்நாளில் செய்யாத காரியம், காது மடல் சூடாகியது. ஒரு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தண்டை உற்றுப் பார்த்தாள்.

சமையற்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

வடிவாம்பாள் பார்த்தாள். இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"அந்தக் கண்ணு இல்ல வார்டனம்மா" என்றாள். "நான் மூடுறது இடது கண்ணு."