மேக்காட்டுச் சுவரில் ஒரு கல்

தீர்ப்புச் சொல்வதில் சூரர் என்று பெயர் வாங்கியவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். சும்மா தலையாட்டுகிறவர்களுக்கு இந்தக் கதை இல்லை.

மேக்காடு ஒரு மலையூர். இப்போது அங்கே ஊர் எங்கே இருக்கிறது? பஞ்சத்தில் சனம் கீழே இறங்கி இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. வீடெல்லாம் மண்ணோடு மண்ணாகிவிட்டது. சுவர் மட்டும் நிற்கிறது. எப்பேர்ப்பட்ட சுவர் தெரியுமா? ஊரையும் நிலத்தையும் ஒரே வளையமாகச் சுற்றி, மேடேறி, பள்ளம் இறங்கி, மேகத்துக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும். சுண்ணாம்பு இல்லை, சேறு இல்லை. பொறுக்கிய கல்லைப் பொறுக்கியபடியே அடுக்கியது. உளி வேலை கிடையாது. ஒரு கல்லை இரண்டு கல் தாங்க, அந்த இரண்டையும் வேறு நாலு கல் தாங்கும். முதல் தடவை பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தச் சுவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சுவர்க்கல்லை எவன் உருவினாலும் அவன் நிலம் பங்காளிக்குப் போய்விடும். ஊர் இருந்த காலத்தில் ஒருவன் அடுப்புக்கு மூன்று கல் உருவினான். அந்த இடத்தில் ஆறு முழம் சரிந்தது. பன்றிக்கூட்டம் புகுந்து ஊர் மொத்தத்துக்கும் அந்த வருட வெள்ளாமை போயிற்று. அன்றே அவனை வெளியே அனுப்பினார்கள்.

போன வருடம் மழை திரும்பியதும் இரண்டு பேர் மேலே ஏறினார்கள். ஒருத்தி பூங்காயி. கீழே செங்கல் சூளையில் பதினாலு வருடம் சுமை தூக்கியவள், புருஷனை இழந்தவள். அப்பனுக்கு ஒரே பிள்ளை என்பதால் பள்ளத்து நிலம் அவளுக்கு. மற்றவன் அவளுடைய பெரியப்பா மகன் செங்கான். மேட்டு நிலம் அவனுக்கு. இரண்டு பேரும் சாமை விதைத்தார்கள்.

கதிர் பிடிக்கிற நேரத்தில் ஐப்பசி மழை மூன்று நாள் கொட்டியது. சுவர் இடுக்கெல்லாம் இருபத்தாறு வருடத்து வண்டலும் சருகும் அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் வெளியேற வழியில்லை. பள்ளத்து நிலம் ஏரியாகிவிட்டது. சுவர் வெளிப்பக்கம் வயிறு தள்ள ஆரம்பித்தது.

"தொட்டுறாத தங்கச்சி" என்றான் செங்கான். "வழக்கம் உனக்கே தெரியும்."

"தொடலைன்னா சுவரே போயிரும் அண்ணே. உன் வெள்ளாமையும் பன்றிக்குத்தான்."

"மழை விட்டுரும், பொறு."

அவள் பொறுக்கவில்லை. நிலம் போனால் திரும்பவும் சூளைதான். தெரிந்தேதான் போனாள், பாவம். சுவரின் வெளிப்பக்கம் இறங்கி, இருப்பதிலேயே தாழ்ந்த இடத்துக்கு வந்தாள். அங்கே தரையில் ஒரு பலகைக்கல் பதிந்திருந்தது. அதற்கு மேலே அடிவரிசையில் ஒரு கல். அதன் தலைக்கு மேலே குறுக்காக இன்னொரு நீளப் பலகைக்கல் படுத்திருந்தது. அந்தக் கல்லின் முகத்தில் நாலு விரல் நுழையும் அளவுக்கு ஒரு குழி வெட்டியிருந்தது. விரலை விட்டு, ஓரமாக நின்று இழுத்தாள். கல் வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே தண்ணீர் பீறிட்டுப் பாறைச் சரிவில் இறங்கி ஓடையில் சேர்ந்தது. சாயங்காலத்துக்குள் சாமை தலை நிமிர்ந்தது. சுவரில் ஒரு பொடிக்கல்கூட அசையவில்லை.

செங்கான் நேராகக் கீழே இறங்கி, மேக்காட்டுச் சனத்துக்கு இன்னும் வழக்குத் தீர்க்கிற ஊர்க்கவுண்டரிடம் போனான். மறுநாள் காலை அவர் வந்தார்.

"கல்லை உருவினியா?"

"உருவினேன் கவுண்டரே."

"அந்தக் கல்லு கிடைக்காம இருந்தா?"

"வேற கல்லை உருவியிருப்பேன். பொய் சொல்ல மாட்டேன்."

"கேட்டுக்கிட்டீங்களா?" என்றான் செங்கான். "அடுப்புக்கல்லு எடுத்தவன் என் தாய்மாமன். அவனுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா?"

கவுண்டர் அந்தத் துவாரத்துக்கு முன்னால் வெகுநேரம் குந்தியிருந்தார். இப்போது சொல்லுங்கள், சூரர்களே. வழக்கத்தைச் சொன்ன செங்கான் பேசியது நியாயமா, கல்லை உருவிய பூங்காயி செய்தது சரியா? நிலம் யாருக்கு?

விடை: நிலம் பூங்காயிக்கே. வழக்கம் கேட்பது சுவர்க்கல்லை எடுத்தாயா என்றுதான். மனசில் என்ன நினைத்தாய் என்று கேட்காது. சுவர்க்கல் என்றால் மேலே பாரம் தாங்க வேண்டும். தாய்மாமன் எடுத்தது பாரம் தாங்கிய கல், அதனால்தான் சுவர் சரிந்தது. பூங்காயி எடுத்த கல்லின் மேல் ஒரு துளி பாரம் இல்லை; அதையெல்லாம் நீளப் பலகை தாங்கிக்கொண்டது. சுவர் முழுக்க உளி பட்டது அது ஒன்றுதான், அதுவும் விரல் விடுவதற்காக. விழுகிற தண்ணீர் அடிமண்ணை அரிக்காமல் இருக்கக் கீழே கல் பதித்திருக்கிறது. அது தண்ணீருக்கு வைத்த கதவு. கோடையில் அடைக்க, மழையில் திறக்க. சிறுவயதில் ஊரை விட்டவர்களுக்குத் "தொடாதே" என்பது மட்டும் ஞாபகம் இருந்தது, கதவு மறந்துவிட்டது.

கவுண்டர் எழுந்தார். "சுவரு சரிஞ்சிருந்தா இவளை நானே அனுப்பியிருப்பேன். இதைக் கட்டினவன் யாருன்னு நமக்குத் தெரியலை. இவ பயிரு ஒருநாள் முழுகும்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

செங்கான் உருவிக் கிடந்த கல்லைப் புரட்டி அந்தக் குழியில் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு, "இதை எப்ப அடைக்கணும் தங்கச்சி?" என்று கேட்டான்.

"தை பொறக்கட்டும் அண்ணே. ரெண்டு பேருமா அடைப்போம்."