நடுத்திட்டின் தீட்டுச் சட்டம்

அரசவை விகடகவி மருதக்குட்டியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஆற்றங்கரையில் தம் தாடிச் சிக்கில் சீப்பை மாட்டிக்கொண்டு திண்டாடிக்கொண்டிருந்தார். அந்தத் தாடிக்குக் காரணம் ஒரு சட்டம்.

எங்கள் நடுத்திட்டு, ஆற்றின் நடுவில் ஒரு குட்டி நாடு. வடகரையில் மன்னரின் தங்கையைக் கொடுத்திருந்தோம். தென்கரையிலிருந்து மகாராணியை எடுத்திருந்தோம். ஓர் எருமை ஆற்றை நீந்திக் கடந்ததில் இரண்டு கரைக்கும் போர் மூண்டது.

ஒரே காலையில் இரண்டு தூதர்களும் வந்தார்கள்.

"உங்கள் படை எங்கள் பக்கம் வரவேண்டும். இல்லாவிட்டால் திட்டே இருக்காது!" இருவரும் சொன்னது இதுதான்.

படை என்றால் நாங்கள் நாற்பது பேர். எனக்குப் போன மாதம்தான் கல்யாணம்.

மன்னர் மருதக்குட்டியைத் தனியே அழைத்தார். "யோவ், அனுப்பினால் நாற்பது தலை போச்சு. அனுப்பாவிட்டால் ஊரே போச்சு. ஏதாவது சொல்லுமய்யா!"

"சபையைக் கூட்டுங்கள் மகாராஜா. சட்டம் போடுவோம்."

போட்டார்கள். சம்பந்தி நாட்டில் யார் செத்தாலும் அது நம் வீட்டுச் சாவு. ஊருக்கே பதினாறு நாள் தீட்டு. சவரம் கிடையாது, விருந்து கிடையாது, படை புறப்பாடும் கிடையாது. எதிர்த்துக் கை தூக்கியவர் ஊர் நாவிதர் ஒருவர்தான்.

மருதக்குட்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முந்தின நாள் சண்டையில் இரண்டு கரையிலும் செத்தவர்களுக்காக அழுதபடி தூதர்களிடம் வந்து சட்டத்தைச் சொன்னார்.

"பதினாறு நாள் கழித்துப் படை வருமல்லவா?" என்றார் வடகரைத் தூதர்.

"கட்டாயம். நடுவில் ஒருவர் செத்தாலும் மறுபடி முதலிலிருந்து தீட்டு. அதனால் இரண்டு கரையும் அதுவரை யாரையும் கொல்லாமல் இருங்கள். மறுநாளே படை கிளம்பும்."

"எந்தப் பக்கம்?" என்றார் தென்கரைத் தூதர்.

"சண்டை எந்தப் பக்கம் நடக்கிறதோ, அந்தப் பக்கம்."

தென்கரைத் தூதர் கொதித்து எழுந்தார். "இந்தக் கேலிக்குப் படையோடு திரும்பி வருகிறேன்!"

மருதக்குட்டி காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! சாவு வீட்டில் 'வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு போவார்களா ஐயா? அடுத்த சாவை நீரே அழைக்கிறீரே!"

தூதர் முகம் வெளுத்தது. வாயைப் பொத்தியபடி, திரும்பிப் பார்க்காமல் படகேறினார். வடகரைத் தூதரும் சொல்லிக்கொள்ளாமல் பின்னாலேயே போனார். இருவருமே திரும்பவில்லை.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்து, கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"தீட்டு மகாராஜா. இப்போது வாங்கக்கூடாது."

அந்தப் போர் பல வருஷம் நடந்தது; தீட்டு கழிவதற்குள் மருதக்குட்டி போய்ச் சேர்ந்தார். நாங்கள் நாற்பது பேரும் தாடி நரைத்துக் கிழவர்களானோம். மாலை இன்னும் அரண்மனை ஆணியில் தொங்குகிறது.